முன்சீட்டுக்குக் கீழே

மே 9, திங்கள்
காலையிலேயே வெயில். கண்டரமாணிக்கத்துச் செட்டியார் வீட்டுக் கார் எங்கள் செக்காலைப் பட்டறைக்கு வந்தது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த வண்டி. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டுமாம்.

உள்ளே விரிப்பைத் தூக்கினேன். தளம் முழுக்கத் துரு. எவனோ முன்பு சாக்கைத் தாரில் முக்கி ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான். டிரைவர் சீட்டுக்குக் கீழே பட்டறை மண் தெரிகிறது.

"எப்படி ஓட்டுறீக பாய்?"

டிரைவர் சிக்கந்தர் பாய் சிரித்தார். "பிரேக்கைத்தான் மிதிப்பேன். தரையை மிதிக்க மாட்டேன்."

மே 10
செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை உத்தரவு: பின்தளம் முதலில். மாப்பிள்ளை உட்காரும் இடம். துருவை வெட்டி எடுத்து, எண்ணெய் டிரம் தகடு வைத்து வெல்டிங். கார்பைடு நாற்றம். மத்தியானம் சோறு இறங்கவில்லை. முன்தளம் நாளை.

மே 11, புதன்
நல்ல நேரம் என்று செட்டியார் வீட்டு ஆச்சி காலையிலேயே வந்து பானட்டில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

"பொட்டு வச்ச வண்டியில நெருப்புப் படக்கூடாதுப்பா," கணக்கப்பிள்ளை.

"முன்னாடி தரையே இல்லைங்க. ஓடுறப்ப சீட்டு எறங்குனா பாய் சக்கரத்துக்கு அடியில போயிருவாரு."

"ஓட்டையில பட்டி மாவு வச்சுப் பூசு. கல்யாணம் முடியட்டும்."

பட்டறை முதலாளியும் தலையாட்டினார். மாப்பிள்ளைக்குத் தகடு, பாய்க்குப் பட்டி.  பட்டி டப்பாவைத் தேடிப் போனேன். கோழை.

மே 12, வியாழன்
ரிவெட் ஆணி அடிக்க நெருப்பு வேண்டாம். இது நேற்றே தோன்றியிருக்க வேண்டும். முதலாளி ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார். உளியால் வெட்டி, கையால் துளை போட்டு, தகடும் அடியில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையும் சேர்த்து அறைந்தேன். பொழுது இதிலேயே போயிற்று. மட்கார்டுக்கு இரண்டாம் கை பெயிண்ட் அடிக்கவில்லை. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

மே 13, வெள்ளி
கணக்கப்பிள்ளை வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மட்கார்டு என்னய்யா சாம்பல் பூத்தாப்புல இருக்கு? சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக?"

முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். நாளையிலிருந்து வரவேண்டாமாம். சட்டையை மாட்டினேன்.

சிக்கந்தர் பாய் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்தார். அசையவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"கூறுகெட்ட பயலே, பேசாம பெயிண்டை அடிச்சிருக்கலாம்ல?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.