கடைசி வகுப்புக்கு ஓர் ஆசிரியர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். உன் முதுகுவலி தேவலையா?

கல்விக் கழகத்தின் தபால் வந்தது. நம் லுத்தரன் திருச்சபை நடத்தும் ஒன்பது கல்லூரிகளில் நான் முதல்வராக இருக்கும் இந்தக் கல்லூரிதான் சிறியது. அது நான் அறியாததல்ல. ஜூனில் இதை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய கல்லூரிக்கு மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாய். கீழே செயலாளர் என்று உன் கையெழுத்து. என் தம்பியின் குரலை அதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இனி புதிதாக யாரையும் சேர்க்க மாட்டோம். இறுதியாண்டுக்குப் போகிறவர்கள் மட்டும் இங்கேயே படித்து முடிக்கட்டும். ஒரு வருடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி பரவாயில்லை. உன் வருத்தம் புரிகிறது.

யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். மூடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். உன் கணித விரிவுரையாளர் போனதிலிருந்து இரண்டு முறை விளம்பரம் கொடுத்தோம். ஒருவரும் வரவில்லை. முழுநேர ஆசிரியர் இல்லாமல் பல்கலைக்கழகம் பரீட்சை எழுத விடாது. பெரிய கல்லூரியில் விடுதியும் ஆய்வகமும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நல்லதுதானே?

உனக்கு அங்கே துணைமுதல்வர் பதவி பேசி வைத்திருக்கிறேன். கோபப்படாமல் யோசி.

அன்புள்ள,
தம்பி

பிப்ரவரி 20

தம்பி,

எனக்கு இடம் பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி. எனக்கு அது வேண்டாம்.

காலை ஜெபம் முடிந்ததும் சிற்றாலயத்திலேயே பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கணிதத்தில் முதலாவதாக வரும் ஒருத்தி இருக்கிறாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். கடைசி மணி அடித்ததும் ஓடுவாள். கணவன் லாரி ஓட்டுகிறவன், வீடு தங்குவது அபூர்வம். அன்று மதியம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், அங்க விடுதியில குழந்தைய வெச்சுக்க விடுவாங்களா?”

விட மாட்டார்கள் என்றேன்.

“அப்போ நான் இதோட நின்னுக்கறேன். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க.”

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இது மூட வேண்டிய கல்லூரிதான். இத்தனை வருடமாக ஒழுகும் கூரையோடும் உடைந்த குழாயோடும் மல்லுக்கட்டுகிற எனக்கு அது உன்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நம்பிச் சேர்ந்த பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்பிவிட்டு மூடுங்கள். பாதியில் இறக்கிவிடாதீர்கள்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கூட்டத்தில் சொன்னேன். கணிதத்துக்கு ஆள் கொண்டுவந்தால் ஒரு வருடம் தருவதாகப் பேராயர் சொன்னார். மற்ற எட்டு முதல்வர்களுக்கும் எழுதினேன். எட்டுப் பேரும் உங்களுக்காக ஜெபிப்பதாகப் பதில் போட்டார்கள். ஆள் தருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

இதை வீட்டில் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி இட்லி மாதிரி மெத்தென்று பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். “கணக்கு வாத்தியாராத்தானே என்னைக் கட்டிக்கிட்டீங்க? போதகராகி அங்கி போட்டதுல கணக்கு மறந்துபோச்சா?” என்றாள்.

மறுநாளே என் பட்டம் செல்லுமா என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். செல்லும் என்றதும், நானே கணிதம் நடத்துகிறேன் என்று பேராயரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“செயலாளர் நாற்காலி உங்களுக்காகக் காலியா கிடக்காது. தெரியும்ல?”

தெரிந்துதான் வந்தேன் என்றேன்.

வரலாமா, அக்கா?

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

வா. மாடி அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். மழை வந்தால் ஜன்னலோரம் ஒழுகும், கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள். தலையணை மட்டும் உன் முதுகுக்குத் தோதாக நீயே கொண்டு வா.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த முறை உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், “சார் நல்லா நடத்துவாரா, மேடம்?” என்று கேட்கிறாள். அவன் என் தம்பிதான், சின்ன வயதில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், குறை இருந்தால் என்னிடம் சொல் என்றேன். சிரித்தாள். இனி உன் பாடு, அவள் பாடு.

நீ கை தூக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுத மனம் வரவில்லை. அடுத்த வருடம் பரீட்சை முடிந்து, வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சபையிடம் கொடுத்துவிட்டால் நம் இருவருக்குமே வேலை இருக்காது. அப்போது உட்கார்ந்து நிதானமாகச் சண்டை போடுவோம். அதுவரை பாடம் நடத்து.

உன் அக்கா