பதினாலாயிரம் கிலோமீற்றரும் ஒரு நகமும்

ரொறன்ரோ
10.01.1999

அன்புத் தங்கச்சி கமலாட்சிக்கு,

உன் கலியாணச் செய்தி கண்டு துள்ளினேன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவித் தோழனாக நிற்க வேண்டியவன் பெண்ணின் சகோதரன். உனக்கு நான் ஒரே ஒருவன். வராமல் இருப்பேனா? கடை முதலாளி ஒரு கிழமை, ஏழே நாள்தான் லீவு தருவார், ஆனால் கணக்குப் போட்டுவிட்டேன். இங்கிருந்து கொழும்பு பதினாலாயிரம் கிலோமீற்றர். லண்டனில் விமானம் மாறும் நேரத்தோடு ஒரு நாள். கொழும்பிலிருந்து மல்லாவி முந்நூறு கிலோமீற்றர், அது அரை நாள். மே 26 புதன் கலியாணம் என்றால் திங்கள் கொழும்பு, செவ்வாய் உன் குசினியில் புட்டு.

அண்ணன்,
செல்வராசா

மல்லாவி
18.03.1999

அன்பின் அண்ணா,

உங்கள் கடிதம் வர இரண்டு மாதம் பிடித்தது. அதற்கு, எங்களைப்போல ஊர் தாண்ட ஆமிக்காரரிடம் வாங்கும் பாஸ்கூடத் தேவையில்லை. ஆகாயத்தில் சோதனைச்சாவடி இல்லை, அதனால் உங்கள் கணக்கு அங்கே சரிவரும். வடிவம்மா அக்கா பொங்கல் முடிந்து வவுனியாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போனவா, சிவராத்திரி கழிந்துதான் வந்தவா. ஒரு மாதம் முந்தி வாங்கோ.

அப்பாவின் செத்தவீட்டுக்கும் லீவு இல்லை என்றீர்கள். கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுப் பாலன். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இதற்கும் வராவிட்டால் தோழனின் தலைப்பாகையும் அவனுக்குத்தான். பிறகு அண்ணன் என்று எழுதவும் மாட்டேன்.

மாப்பிள்ளை தயாபரனின் போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். கொழும்பில் வேலை. அவரும் உங்களைப்போலக் கடைசி நேரத்தில்தான் புறப்படுவாராம்.

இப்போதைக்குத் தங்கை,
கமலாட்சி

ரொறன்ரோ
02.05.1999

அன்புத் தங்கச்சி,

கோபிக்காதே. லீவைக் கூட்டிக் கேட்டேன், முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரைபடத்தையும் விரித்துப் பார்த்தேன். வவுனியாவுக்கும் மல்லாவிக்கும் நடுவே என் சின்னவிரல் நகமளவுதான். அவ்வளவு தூரம் பறந்து வருபவன் ஒரு நகத்தைத் தாண்டமாட்டேனா? டிக்கெற் எடுத்தாயிற்று.

மாப்பிள்ளை மெலிவுதான், ஆனால் மீசை நல்ல கனம்.

அண்ணன்,
செல்வராசா

வவுனியா
30.05.1999

அன்புத் தங்கச்சி,

லொறிச் சாரதி யோகநாதன் இதைக் கொண்டுவருவார். கொழும்பில் சொன்ன நேரத்துக்கே இறங்கினேன். இப்போது நகத்தின் நுனியில், பாஸுக்கு வரிசையில் நிற்கிறேன். முகூர்த்தம் போய்விட்டது. மாப்பிள்ளையையும் காணாமல், ஓடிவிட்டார் என்று நீ அழுதிருப்பாய். அவர் ஓடவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாடிக்காரர் புகுந்தார். மூன்று நாள் சண்டை. நேற்றுப் பொறுக்கமாட்டாமல், "என்ர தங்கச்சிக்குக் கலியாணம், வழியை விடுங்கோ!" என்று கத்தினேன்.

"உங்கட தங்கச்சிக்குத்தானே? இஞ்ச எனக்கே கலியாணம்!" என்று அவர் கத்தினார்.

"எந்த ஊரில?"

"மல்லாவியில."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். தாடிக்குள்ளே போட்டோவில் கண்ட அந்த மீசை இருந்தது.

அங்கேயே தெருக்குழாயடியில் மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டேன். தோழனுக்கென்று வாங்கி வைத்திருந்த மோதிரத்தை அவர் என் விரலில் போட்டார். வரிசையில் நின்ற சனம் கைதட்டியது, ஆனால் ஒருவரும் இடம் விடவில்லை.

முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன். "எப்ப வருவாய்?" என்றார். தெரியாது என்றேன். வேலை போய்விட்டது. அப்பாவுக்கு வராமல் நான் காப்பாற்றிய வேலை அதுதான், போகட்டும்.

ஐயரிடம் சொல்லு, நாங்கள் இரண்டுபேரும் வந்து சேரும் நேரமே முகூர்த்தம். பாலனிடமிருந்து தலைப்பாகையை வாங்கி வை.

இனி நேரக்கணக்கே சொல்லாத
உன் அண்ணன்,
செல்வராசா