ஃபெஸ்டிக்கு வந்த ஊர்விலக்கு

அன்பு மகள் ஒனோராவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் உன் அண்ணன் கோல்மனின் இருமலைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை. பாஸ்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கோல்மன் மகள் சாபினா ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள், முழுக்க நம் ஐரிஷில். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் எழுத்துதான் கைக்கு வரும், என் பேத்தி ஐரிஷில் புத்தகம் மாதிரி எழுதுகிறாள், பார். கதை நம்முடையதுதான், குத்தகை பாக்கிக்காகப் பண்ணையார் நம்மை வீட்டைவிட்டு வெளியேற்றியதும், அந்த நிலத்தை ஊரான் ஒருவனே போய் எடுத்துக்கொண்டதும். கால்வே விழாவில் போடலாம் என்று பாஷைச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். சொந்த பாஷையில் சொந்தக் கதை இல்லாத ஜனம் சொந்த நாடு கேட்க முடியாது என்று அவர்கள் பேச்சு. நாடு கிடைப்பது இருக்கட்டும், வில்லன் கிடைக்கவில்லை. அப்படி நிலம் எடுத்தவனோடு ஊரே பேசாதே, அவனாக மேடையில் நிற்க இங்கே எவன் வருவான்? கடைசியில் கொல்லன் ஃபெஸ்டிதான், ஒரு மணி நேரம் கெட்டவனா இருந்தா செத்தா போயிடுவேன் என்று வந்தான்.

முதலில் நம் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நெருப்ப அணை கிழவி, இனிமே இது என் அடுப்பு என்று அவன் சொன்னபோது யாரும் இருமக்கூட இல்லை. மறு ஞாயிறு கோயிலில் அவன் பெஞ்சில் அவனைத் தவிர ஒருவரும் உட்காரவில்லை. பட்டறைப் பக்கம் ஒரு குதிரை போகவில்லை. பக்கத்து வீட்டு லிடனிடம், அது நடிப்புடா என்றேன். நடிப்புதான், ஆனா அவ்வளவு நல்லா எங்கேர்ந்து வந்துச்சு என்கிறான். ஃபெஸ்டி மனம் வெறுத்து, கால்வேக்கு வரமாட்டேன், அடுத்து சொந்த அம்மாவே பேசமாட்டா என்று சொல்லிவிட்டான். அவன் இல்லாமல் நாடகம் இல்லை. சாபினா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஒதுக்கப்பட்டவனிடம் பாதிக்கப்பட்ட வீட்டார் முதலில் பேசினால்தான் ஊர் பேசும், உனக்குத் தெரியும். பாட்டி, நீ போ என்றாள் சாபினா. செய்யாத குற்றத்துக்கு நான் எதைடி மன்னிக்கிறது என்று கேட்டேன். ஆனாலும் சந்தை நாளில், எல்லாரும் பார்க்க, மட்டக்குதிரையை நடுத்தெரு வழியாகப் பிடித்துக்கொண்டு போனேன். உலை சாம்பலாகக் கிடந்தது, ஃபெஸ்டி தலை நிமிரவில்லை. பெரியம்மா, எம்மேல கோபமில்லையா என்று கேட்டான். இருக்குடா, அன்னிக்கு உன் மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல, இப்பவும் பிடிக்கல, அதுக்காக என் குதிரை லாடமில்லாமலா நடக்கும், நெருப்ப மூட்டு என்றேன். துருத்தி ஊதும் சத்தம் கேட்டதும் வாசலில் லிடன் தன் குதிரையோடு நின்றான், நான் அவசரமா போகணும் என்று முணுமுணுத்துக்கொண்டு. அவனுக்கு என்ன அவசரமோ.

வரும் சனிக்கிழமை எல்லாரும் கால்வே போகிறோம். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வசனம் பேசுவானாம் ஃபெஸ்டி. உட்காருகிறேன் என்றேன், அவன் மூஞ்சியைப் பார்ப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மாதா உங்களைக் காப்பாளாக. வெறும் தலையோடு பனியில் போகாதே. குழந்தைகளிடம் வீட்டில் நம் பாஷையில் பேசு, மறக்காதே. கீழே கையெழுத்தை நம் எழுத்தில் போட்டிருக்கிறேன், சாபினா சொல்லிக்கொடுத்தது. கோணலாக இருந்தாலும் நான்தான்.

உன் அம்மா
பார்பரா