என் காலில் பேசிக்கொள்கிறவர்கள்

அன்புள்ள மனைவி ரகுமத்துக்கு ஸலாம். உன் முட்டிவலி தேவலையா? இது முழுக்க என் கையெழுத்து. எனக்கே நம்ப முடியவில்லை.

கடையில் தட்டுக் கழுவும் ஈரத்தில் காலில் புண் வந்து, பினாங்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே. டாக்டரம்மா அழகாக விளக்கினார். கிருமிகள் ஏதோ ரசாயனத்தைக் கசியவிட்டு ஒன்றோடொன்று பேசுமாம். கூட்டம் சேரும்வரை அடங்கிக் கிடக்குமாம். போதுமான ஆள் சேர்ந்தது தெரிந்ததும், எல்லாம் ஒன்றாகப் பசையால் கூரை கட்டிக்கொள்ளுமாம். பிறகு மருந்து உள்ளே இறங்காது. எனக்கு இந்த வயதில்தான் எழுத்து வந்தது. அதுகளுக்குப் பிறவியிலேயே பேச்சு.

நேற்று நர்ஸ் மோகனா, "நாளைக்குக் கால எடுத்துருவோம், தாத்தா" என்றாள். காலையில் கட்டைப் பிரிப்பார்கள் என்று சந்தோஷப்பட்டு, "காலைல எத்தன மணிக்கும்மா?" என்றேன்.

"காலைல இல்ல தாத்தா, கால" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

முதலாளி ஜபருல்லா பார்க்க வந்தார். "ஒத்தக் கால வச்சிக்கிட்டு கடையில என்னாண்ணே செய்வீங்க? ஊருக்குப் போயிருங்க லா" என்றார்.

வருஷக்கணக்காக நீ கேட்டதுதானே, ரகுமத். வருகிறேன். வாசல்படியை இடித்துச் சரிவாக்கச் சொல். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். ஆபரேஷனுக்குத் தள்ளுகட்டில் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் சுல்தான் மைதீன்