வாப்பா, நீங்கள் எனக்காகச் சொன்ன அந்த ஓம்

மையவாடியில் கடற்பக்கத்து மதிலோரம் அடக்கமாகி உறங்கும் என் அன்பு வாப்பாவுக்கு,

உங்கள் மூத்தவளின் ஸலாம். பெண்கள் மையவாடிக்குள் வருவது நம் ஊர் வழக்கமில்லை. நேரில் வந்து சொல்ல முடியாததால் பத்திரிகையில் எழுதுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும். எனக்குக் கோபம் வாப்பா, நன்றாகவே கோபம். அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உங்கள் சின்ன மகள் பர்ஸானா அமெரிக்காவில் நீதிபதித் தேர்தலில் நிற்கிறாள். சிரிக்காதீர்கள், அங்கே சில இடங்களில் அப்படித்தான். குடும்ப வழக்குகளைக் கேட்கும் நீதிபதியை ஊர்ச் சனமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது. மாப்பிள்ளையோடு போனவள் அங்கே மறுபடியும் சட்டம் படித்து, வருடக் கணக்காக வழக்குப் பேசி, இப்போது அந்த நீதிபதிக் கதிரைக்கு வாக்குக் கேட்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நம் தெருச் சந்தியில் பெரிய பெனர் ஒன்று கட்டினார்கள். 'எமது மண்ணின் மகளுக்கு வாழ்த்துகள்.' நலன்புரிச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் கோட் போட்டுச் சிரிக்கிறார்கள். பர்ஸானாவின் மாப்பிள்ளையும் சிரிக்கிறார். அவளுடைய முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு ரோசாப்பூ!

செயலாளர் அங்கேதான் கயிறு இழுத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டேன்.

"தம்பி, எங்கட தங்கச்சி எங்க?"

"மேல பேரு போட்டிரிக்கிதானே ராத்தா."

"பேரு இரிக்கி. ஆள் எங்க?"

"பொம்புளைப் புள்ளட முகத்தச் சந்தியில வெச்சா மரியாதையா ராத்தா? அதுக்குத்தான் பூப் போட்டம். வடிவாத்தானே இரிக்கி?"

"அப்ப, எலெக்சன் கேக்கிறது பூவா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் அவள் எவ்வளவு படித்தாலும் நம் கலியாண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிபதியாக வர முடியாது. அந்தக் கதிரை ஆண்களுக்குத்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு நாளாவது வாய் திறந்தார்களா இந்தக் கோட் போட்டவர்கள்?

வீட்டுக்கு வந்து பர்ஸானாவுக்குப் போன் எடுத்தேன். அவள் சிரித்துவிட்டு, அங்கே எதிராளியின் ஆட்கள் வீடு வீடாகப் போட்ட நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பினாள். அதில் அவள் முகம் மட்டும்தான். முக்காட்டோடு, வேண்டுமென்றே கறுப்படித்த முகம். 'எங்கிருந்தோ வந்தவள் உங்கள் குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்வதா?' என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பயம் காட்ட முகத்தைப் போடுகிறார்கள். நம்மவர்கள் மரியாதை என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். யார்மீது முதலில் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் என்ற பேச்சு உங்களுக்குப் புதிதில்லையே வாப்பா. உம்மாவைக் கலியாணம் முடித்து ஒலுவிலிலிருந்து கல்முனைக்கு வந்தவர்தானே நீங்கள்? நாவிதன்வெளியில் நம் வயல் பக்கத்துக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டவிதானையைத் தெரிவு செய்த கூட்டத்தில், "ஒலுவிலான் வந்து எங்கட தண்ணியப் பங்கு வெக்கிறயா?" என்று ஒருவர் எழும்பிக் கத்தினாராம். ஆனால் கை தூக்கச் சொன்னபோது தமிழாட்களும் முஸ்லிம் ஆட்களும் உங்களுக்குத்தான் தூக்கினார்கள். வாய்க்காலில் சண்டை என்றால், தலைப்பு வயல்காரரையும் கடைசி வயல்காரரையும் கேட்காமல் நீங்கள் மடை திறந்ததில்லை. அந்தப் பெயர் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

அப்படிப்பட்ட நீங்கள் என்னிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை?

காதியார் வீட்டு முன்மண்டபம் நினைவிருக்கிறதா? என்னை அடித்துவிட்டுப் போன என் மனிசன், திரும்பவும் சேர்ந்து வாழப் போகிறேன் என்று அங்கே நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை நான் இரவு முழுக்க மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். காதியார் என் பக்கம் திரும்பவே இல்லை. உங்களைப் பார்த்து, "மகளுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். நீங்கள் "ஓம்" என்றீர்கள். அவ்வளவுதான் விசாரணை.

என் பெயரில் நீங்கள் கட்டித் தந்த வீடு அது. நம் ஊரில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவார். என் வீட்டுக் கதவை உங்கள் ஒரு சொல் அவருக்குத் திறந்துவிட்டது. அவர் ஒரேயடியாகப் போவதற்குள் என் இடது கைச் சின்னவிரல் முறிந்து, மடங்காமலே போய்விட்டது. கேட்டவர்களிடமெல்லாம் கதவில் நசிந்தது என்று சொன்னேன். உங்கள் மானத்துக்காகத்தான்.

அன்றைக்குப் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தாளே பர்ஸானா, அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வழியில் உங்களைக் கேட்டாள்: "வாப்பா, காதியார் ஏன் ராத்தாக்கிட்டக் கேக்கல்ல?" "கதைக்காம வா" என்றீர்கள். அவள் இன்றுவரை கதைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த நோட்டீஸை அனுப்பிய கையோடு போனில் அவள் சொன்னது இதுதான்:

"ராத்தா, வாற கிழமை கடைசிக் கூட்டம். ஏன் இந்தக் கதிரைக்கு வரப் பாக்கிறாய் எண்டு கேப்பாங்க. எனக்கிட்ட உண்மையான பதில் ஒண்டுதான் இரிக்கி. அது உங்கட கதை. வாப்பாட கதையும்தான். நீங்க ஓம் எண்டாத்தான் சொல்லுவன்."

"நான் வேணாமெண்டா?"

"வேற என்னவும் சொல்லுவன். தோத்தாலும் பரவால்ல."

விஷயம் எப்படியோ உம்மாவின் தங்கச்சி, நம் சாச்சியின் காதுக்கும் போய்விட்டது. "மௌத்தானவரக் கொண்டு போய் வெள்ளக்காரனுக்கு முன்னால நிப்பாட்டப் போறீங்களா?" என்று விடியக்காலையிலேயே ஏசினார். உயிரோடு இருக்கும் என்னை அன்றைக்கு யாருக்கும் முன்னால் நிறுத்தவில்லையே சாச்சி என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

மூன்று நாள் யோசித்தேன். கடைசிக் காலத்தில் நீங்கள் என் அந்த விரலைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தீர்கள். அது மன்னிப்புக் கேட்டதா? அப்படித்தான் என்றால் ஏன் வாயால் சொல்லவில்லை? உங்கள்மீது எனக்குள்ள பாசம் குறையவில்லை வாப்பா. கோபமும் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கையேந்துகிறேன்.

நேற்று பர்ஸானாவுக்குப் போன் எடுத்து, "ஓம், சொல்லு" என்றேன். அன்றைக்கு மண்டபத்தில் நான் சொல்ல வைத்திருந்த அத்தனையையும் அவளுக்கு ஒப்புவித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். ஒரு இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அழுதாள். நான் அழவில்லை.

வாக்குத் தருகிறேன் வாப்பா. அவள் வென்றாலும் தோற்றாலும், நீங்கள் என் பெயரில் கட்டித் தந்த வீட்டு மதிலில் அவள் முகம் போட்ட பெனர் தொங்கும். பூ இருக்காது. இனி யாராவது என் விரலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், கதவு என்று சொல்ல மாட்டேன்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் வாயால் பேசும்,
உங்கள் மூத்த மகள்
மசூதா