குடையை மறந்துட்டு வந்த அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடறேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.

இங்க பட்டறையில டீ நேரத்துல இந்த ஊர் ஃபுட்பால் டீமைப் பத்தித்தான் பேச்சு. கடைசி டிவிஷன்ல கிடக்கிற டீம். பத்து வருஷத்துக்கு முன்னாடி கொட்டுற மழையில ஒரே ஒரு கோல் போட்டு ஜெயிச்ச கதையை நூறு தடவை கேட்டுட்டேன். நேத்து ஒவ்வொருத்தரும் அன்னைக்கு மைதானத்துல எங்கே நின்னு பார்த்தோம்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. என் பக்கம் திரும்பினதும் வாய் தவறி, "கார்னர் கொடிகிட்ட, எங்க அப்பாவோட"ன்னு சொல்லிட்டேன். ஃபுட்பால்னாலே சேனலை மாத்துற உங்களைப் போய் இழுத்துட்டேன்!

நான் இங்க வந்தே ரெண்டு வருஷம்தான்னு எல்லாருக்கும் தெரியும். மானம் போச்சுன்னு நினைச்சேன். யாரும் சிரிக்கல. வயசான வெல்டர் ஒருத்தர் பெஞ்சில நகர்ந்து இடம் விட்டு, "அப்பா நல்லா நனைஞ்சிருப்பாரே?"ன்னு கேட்டார்.

உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க, அவர் பார்க்கணுமாம். வேலைக்குச் சங்கு ஊதிட்டாங்க, போறேன்.

நீங்க அன்னைக்குக் குடையை மறந்துட்டு வந்தீங்கன்னு சொல்லியிருக்கேன். யாராவது கேட்டா மாத்திச் சொல்லிடாதீங்கப்பா.

உங்க மகன்