முதலில் வண்டி போகட்டும்

சாந்திபுரம்
3 நவம்பர் 2024

ரூபாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. பார்சலோடு கடிதமாக எழுதி அனுப்புங்கள் என்று நீ சொன்னதும் நல்லதுக்குத்தான். திருப்பதி பஸ் கண்டக்டரிடம் இந்தப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறேன். ஸ்டாண்டில் வாங்கிக்கொள்.

திருப்பதியில் நீ வேலை பார்க்கும் டிரோன் ரிப்பேர் கடையிலிருந்து அனுப்பிய ரிமோட் பொம்மை டிரக் ஓடுகிறது. ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. கேமராவையும் டார்ச்சையும் மேலே கட்டியதும் முன்பக்கம் மண்ணில் உட்கார்ந்துவிடுகிறது. வரப்பில் ஏறி இறங்கினால் தவளை மாதிரி குதிக்கிறது. ரிமோட்டில் இருக்கும் சின்னத் திரையில் தெரிவது மாமரமா யானையா என்று எனக்கே விளங்கவில்லை. சக்கரத்துக்கு மேல் அதிர்ச்சி தாங்கும் நான்கு ஷாக்கையும் கழற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் எண்ணெய் கசிந்து தூசி அப்பிக்கொண்டிருக்கிறது.

பம்ப்செட்டுக்கு இப்போது விடியற்காலையில்தான் கரண்ட் விடுகிறார்கள். மோட்டாரைப் போனிலேயே போட்டுவிடலாம். தக்காளிக்கு மடை திருப்ப ஆள் போகத்தானே வேண்டும்? பக்கத்து நிலத்து வேதாச்சலமும் மடை திருப்பத்தான் போனார். அவரை யானை அடித்துக் கொன்ற இடத்தில் இன்னும் புல்கூடச் சரியாக முளைக்கவில்லை. அந்த வாரமே நீ நம் மகள் கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனாய். போனதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலத்துக்குப் போகும் வழியில் தோப்புக்குள் யானை நின்றால் ஒரு இலைகூட அசையாது என்பது எனக்கும் தெரியும். வண்டி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் நான் இறங்க முடியும்.

சமையல் நானே செய்கிறேன். துன்ன முடிகிறது, அவ்வளவுதான். கீர்த்தியை இந்த அப்பனுக்கு, அவள் நைனாவுக்கு, ஒரு வரியாவது எழுதச் சொல்.

நாகேந்திரன்


திருச்சானூர்
8 நவம்பர் 2024

கீர்த்தி நைனாவுக்கு,

பொட்டலம் வந்தது. கல்யாண வீடியோக்காரர்களின் டிரோன் வேலை கொஞ்சம் ஓய்ந்த மதியத்தில் நான்கையும் பிரித்தேன். உள்ளே எண்ணெய் இல்லை, கறுப்புச் சேறுதான் இருந்தது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ ரிங் எல்லாம் வெடித்திருந்தன. ஒரு தண்டு வளைந்திருந்தது. அதனால்தான் அந்தச் சக்கரம் மேலே போனால் மேலேயே நின்றது. தண்டு புதிது, ரிங் புதிது. எண்ணெயைப் பழையதைவிடக் கெட்டியாக ஊற்றியிருக்கிறேன். ஊற்றியதும் மூடக்கூடாது. தண்டை மெல்ல ஏற்றி இறக்கினால் காற்றுக் குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும். அது நிற்கும்வரை காத்திருந்துதான் மூடினேன். உள்ளே காற்று தங்கினால் அமுக்கும்போது ஈரச் செருப்பு மாதிரி சத்தம் வரும். அப்படி வந்தால் சொல்லுங்கள்.

முன்பக்கத்துக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். ஒரு தடவை அமுங்கி, ஒரு தடவை எழுந்து, சும்மா நிற்க வேண்டும். மறுபடி ஆடினால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தை ஒரு சுற்று இறக்குங்கள்.

இன்னொன்று. வண்டி எங்கே மாட்டினாலும், கவிழ்ந்தாலும், அதை எடுக்கப் போகக்கூடாது. வெயில் ஏறும்வரை அங்கேயே கிடக்கட்டும். உங்களுக்குப் பதிலாகப் போகத்தான் அதை அனுப்பினேன். கீர்த்தி பள்ளியில் தெலுங்கில் கட்டுரை எழுதினாளாம், தலைப்பு ‘எங்கள் ஊர்’. யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீச்சர் பாராட்டினார்களாம். எனக்குத்தான் கடைசிவரை படிக்க மனம் வரவில்லை.

மறுபதில் போடுங்கள்.
ரூபா


சாந்திபுரம்
21 நவம்பர் 2024

ரூபாவுக்கு,

வண்டி இப்போது வேறு வண்டி. நீ சொன்ன மாதிரி போட்டுப் பார்த்தேன், சும்மா நின்றது. மாடியில் நின்று ஓட்டுகிறேன். உழவுச் சாலில் போனாலும் படம் ஆடுவதில்லை. தோப்புக்குள் வேர் வேராக ஏறி இறங்கிப் போகிறது.

வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டேன். முதலில் பலா மரத்தின் அடி என்றுதான் நினைத்தேன். அதற்கு நகம் இருந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று, அதற்குப் பின்னால் குட்டி. வண்டியை அப்படியே பின்னால் இழுத்துவிட்டேன். அன்று நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அந்த வழியாகத்தான் போயிருப்பேன்.

இப்போது குளிர் வந்துவிட்டது. விடியலில் வண்டியின் பாரம் இல்லாத பின்பக்கம் விறைத்துக்கொள்கிறது. வரப்பில் மோதினால் உதைத்துத் தூக்கிவிடுகிறது. ஒருநாள் கவிழ்ந்தே போனது, எடுத்துவந்துவிட்டேன். பின் ஷாக் இரண்டையும் அனுப்புகிறேன், பார்த்துக் கொடு. கேவுருக் கதிர் முற்றி அறுப்பு நெருங்குகிறது. வாசனைக்கு யானைகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

நாகேந்திரன்


திருச்சானூர்
26 நவம்பர் 2024

கீர்த்தி நைனாவுக்கு,

‘எடுத்துவந்துவிட்டேன்’ என்று நீங்கள் ஒரு வார்த்தையில் எழுதியதை பக்கத்து வீட்டு லட்சுமம்மா போனில் முழுதாகச் சொன்னாள். நீங்கள் போனதை அவள் வீட்டுக்காரர் சம்பத்து பார்த்துக்கொண்டே நின்றாராம். கத்திக் கூப்பிடவும் பயமாம், சத்தத்துக்கு யானை திரும்பிவிடுமோ என்று. “கவுந்த வண்டிய எடுத்துக்கினு உன் வூட்டுக்காரரு ஓடி வந்தாரு பாரு, அவருக்குப் பின்னால மரம் முறியிற சத்தம் கேட்டுச்சாம்” என்றாள்.

வண்டி ஏன் கவிழ்ந்தது என்று எனக்குத் தெரியும். நான் எண்ணெய் ஊற்றியது திருப்பதி வெயிலில். இங்கே சரியாக இருந்த எண்ணெய், அங்கே பனியில் வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கும். ஷாக் அமுங்காமல் வண்டியைத் தூக்கி எறிந்திருக்கும். நான் கெட்டியாக ஊற்றினேன், நீங்கள் யானைக்கு முன்னால் போய் நின்றீர்கள்.

பின் ஷாக்கைத் திருப்பி அனுப்ப மாட்டேன். வண்டி இருந்தால்தானே அதை எடுக்கப் போவீர்கள்? தக்காளி காய்ந்தால் காயட்டும்.

ரூபா


சாந்திபுரம்
4 டிசம்பர் 2024

ரூபாவுக்கு,

உன் கோபம் நியாயம். வாதாட எழுதவில்லை.

வண்டி இல்லாமல் ஒரு வாரம் பார்த்தேன். செடி துவண்டுவிட்டது. திங்கட்கிழமை விடியலில் நடந்தே போனேன். பனி மூடியிருந்தது, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு அடி வைப்பேன், நின்று கேட்பேன். மடைக்குப் பக்கத்தில் போனதும் சாணத்தை மிதித்துவிட்டேன். சூடாக இருந்தது.

திரும்பவும் முடியவில்லை, முன்னால் போகவும் முடியவில்லை. பெரிய மூச்சு ஒன்று கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டால் சத்தம் வரும் என்று கையிலேயே பிடித்திருந்தேன். வெளிச்சம் வந்தபோது என்னைச் சுற்றி வெறும் தக்காளிச் செடிதான். அது எப்போது போனதோ. மடை திருப்பாமலே வீட்டுக்கு வந்தேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சம்பத்து பெண்டாட்டி சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

நாகேந்திரன்


திருச்சானூர்
8 டிசம்பர் 2024

கீர்த்தி நைனாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனேன். பின் ஷாக் இரண்டிலும் இருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு இலேசானதை ஊற்றினேன். முதலாளியைக் கேட்டுப் பக்கத்துக் கடை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, குளிர்ந்த பிறகு அமுக்கிப் பார்த்தேன். மெல்ல இறங்கி மெல்ல ஏறுகிறது.

இதைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பப் போவதில்லை. சனிக்கிழமை நானே கொண்டு வருகிறேன். கீர்த்தி அக்காவிடம் இருப்பாள். ரிமோட் என் கையில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், போதும். அதுவரை மடை பக்கம் போகாதீர்கள். இதைச் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

ரூபா


சாந்திபுரம்
18 டிசம்பர் 2024

ரூபாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அக்கா சொன்னார்கள். பஸ் ஏறும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

ஞாயிறு காலை நீ திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அதனால் உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். தோப்பு ஓரத்தில் அந்த ஒற்றைக் கொம்பன் யானையை நீ பார்த்த அதே நேரத்தில், தோப்புப் பாதையில் மண்வெட்டியோடு சம்பத்து வருவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். போன் போட்டால் மணி அடிக்கும், கத்தினால் யானை திரும்பும். யோசிக்காமல் படியில் இறங்கிவிட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: “நீங்க போவாதீங்க. மொதல்ல வண்டி போவட்டும்.” மெதுவாகத்தான் சொன்னாய். என் கால் நின்றுவிட்டது.

நான் இறங்கும் வழியிலிருந்து யானையை விலக்க, நீ டார்ச்சைப் போட்டு வண்டியைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் கரம்பு நிலத்தில் விட்டாயே, அந்த வெளிச்சம் ஓடுவதைச் சம்பத்து பார்த்தானாம். அதன் பின்னால் ஒரு கறுப்புச் சுவர் நகர்ந்ததாம். அவன் வந்த வழியே பின்னோக்கியே நடந்திருக்கிறான். வண்டி ஒரு வரப்பையும் விடாமல் தாண்டியது, ஒரு தடவைகூடக் கவிழவில்லை. கரம்பின் கடைசியில் யானை அதை எட்டிப் பிடித்தது. உன் திரை கறுத்தது அப்போதுதான்.

வெயில் ஏறியதும் வனத்துறை ஆட்களோடு போய்ப் பார்த்தேன். வண்டி தகடாகத் தரையில் பதிந்திருந்தது. சம்பத்துக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். லட்சுமம்மா வந்து வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

நேற்று விடியலில் கரண்ட் வந்தது. படுக்கையில் விழித்துக்கொண்டு கிடந்தேன். கரண்ட் போகும்வரை எழுந்திருக்கவில்லை. ரூபா, எனக்கும் பயம்தான். வேதாச்சலத்தைத் தூக்கிவந்த நாளிலிருந்தே பயம். அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் போனில் சண்டை போட்டேன்.

தோப்பை ஒட்டிய நிலத்தைத் தரிசாக விட்டுவிடுகிறேன். ரோட்டோரத்து மேட்டு நிலத்தைச் சம்பத்து விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பக்க லைனில் பகலில் கரண்ட் வரும், வெளிச்சத்திலேயே தண்ணீர் விடலாம். பொங்கல் கழித்துத் திருச்சானூர் வருகிறேன். அக்காவிடம் நீ எதுவும் கேட்க வேண்டாம். அவர்கள் வீட்டில் எனக்கும் ஒரு பாய் போட இடம் இருக்குமா என்று நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாகேந்திரன்